கோவிந்தாபுரத்து வெயிலும் வலி சொல்லாத இரு உறுப்புகளும்

காலை 7 மணி. பொள்ளாச்சியிலிருந்து வரும் பஸ்கள் கோவிந்தாபுரம் எல்லையில் ஆட்களை இறக்கிவிட்டுப் போகின்றன. தூக்குவாளியும் தலைத்துண்டுமாக இறங்குகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் முதலமடை பக்கத்து மாந்தோப்புகளுக்கும் கட்டட வேலைகளுக்கும் போகிறவர்கள். இன்னும் சிலர் கொல்லங்கோடு, நெம்மாறை கடைகளிலும் அலுவலகங்களிலும் கணக்கு எழுதுகிறவர்கள். சோதனைச் சாவடியைத் தாண்டியதும் இரு பக்கமும் லாட்டரிக் கடைகள். தமிழ்நாட்டில் 2003-ல் லாட்டரி தடை செய்யப்பட்ட பிறகு இந்தக் கடைகளுக்கு வந்த மவுசு இன்னும் குறையவில்லை.

அந்தக் கடைகளில் தொங்கும் சீட்டுகளில் ஒன்றின் பெயர் காருண்யா. 2011-ல் கேரள அரசு இதைத் தொடங்கியது. புற்றுநோய், இருதய நோய், சிறுநீரக நோய் முதலியவற்றால் அவதிப்படும் ஏழைகளின் சிகிச்சைக்கு உதவும் நிதிக்கு இதன் வருவாய் என்று அறிவிக்கப்பட்டது. தனக்குப் பரிசு விழாதா என்று சீட்டு வாங்குகிறவர், எங்கோ ஒரு சிறுநீரக நோயாளிக்கும் உதவியவராகிறார். நல்ல காரியம்தான். ஆனால் சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெயிலில் இறங்கும் அந்தத் தொழிலாளிக்குத் தன் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று தெரியுமா? பெரும்பாலும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று அவருக்குத் தோன்றுவதும் இல்லை. ஏனென்றால் அது வலிப்பதில்லை.

வலிக்காத நோய்

பல்லில் சொத்தை விழுந்தால் வலிக்கிறது. வயிற்றில் புண் வந்தால் எரிகிறது. சிறுநீரகம் அப்படியல்ல. முதுகெலும்பின் இரு பக்கமும், விலாவின் கீழ்ப்பகுதியில், மூடிய கை அளவில் இருக்கும் இந்த இரண்டு உறுப்புகளும் நாள் ஒன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீரை இரத்தத்திலிருந்து வடிகட்டுகின்றன. அதில் உடம்புக்கு வேண்டியதை எல்லாம் திரும்ப எடுத்துக்கொண்டு, ஒன்று அல்லது ஒன்றரை லிட்டரை மட்டும் கழிவோடு சேர்த்துச் சிறுநீராக வெளியேற்றுகின்றன. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் உண்டு. இவற்றில் பாதி கெட்டுப்போனாலும் மீதிப் பாதி சேர்த்து உழைத்துவிடும். மனிதருக்கு ஒரு குறையும் தெரியாது.

கால் வீங்கி, பசி போய், வாந்தி வந்து, மூச்சு வாங்க ஆரம்பிக்கும்போதுதான் பலர் டாக்டரிடம் போகிறார்கள். அப்போது வடிகட்டிகளில் பெரும்பகுதி போயிருக்கும். போனது திரும்ப முளைப்பதில்லை. பிறகு வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம், இரத்தத்தை இயந்திரத்தில் சுத்தம் செய்யும் டயாலிசிஸ். இல்லாவிட்டால் மாற்றுச் சிறுநீரகம். தினக்கூலிக்காரருக்கு இதன் பொருள் வாரத்தில் பாதி நாள் கூலி போயிற்று என்பதே.

சிறுநீரகக் கல் மட்டும் விதிவிலக்கு. அது ஆளைச் சுருட்டிப் போடும் அளவுக்கு வலிக்கும். அதனால்தான் "எனக்கு வலியே இல்லை, எனக்கேன் கிட்னி கோளாறு?" என்று பலரும் கேட்கிறார்கள். கல் ஒரு நோய். மெல்ல மெல்லச் செயலிழப்பது வேறொரு நோய். இரண்டாவது சத்தமில்லாமல் வருவது.

வெயில் செய்யும் வேலை

மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாய் ஒரு திறந்த வாசல். தமிழ்நாட்டுச் சமவெளியின் வறண்ட காற்று அதன் வழியாகத்தான் உள்ளே வருகிறது. கேரளம் என்றாலே குளிர்ச்சி என்று நினைத்து வருகிறவர்களுக்கு, மார்ச், ஏப்ரல் மாதங்களில் 40 டிகிரியைத் தொடும் பாலக்காட்டு வெயில் ஒரு பாடம். முதலமடை மாங்காய் நாட்டின் மற்ற இடங்களுக்கு முன்பே சந்தைக்கு வந்துவிடும் என்பதால் பறிப்பு, தரம் பிரிப்பு, பெட்டி கட்டுதல் எல்லாம் வெயில் ஏற ஏறத்தான் மும்முரமாகின்றன.

உடம்பில் நீர் வற்றினால் இரத்தம் சுண்டுகிறது. சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தமும் குறைகிறது. ஒரு நாள் நடந்தால் ஓய்வில் சரியாகிவிடும். தினமும், வருஷக்கணக்கில் நடந்தால்? இந்தக் கேள்வியை உலகம் கவனித்தது மத்திய அமெரிக்காவில்தான். எல் சால்வடார் நாட்டு ஆஸ்பத்திரிக்குச் சிறுநீரகம் செயலிழந்து வந்தவர்களில் பலருக்குச் சர்க்கரை வியாதியும் இல்லை, இரத்தக் கொதிப்பும் இல்லை என்று அந்நாட்டு டாக்டர்கள் 2002-ல் எழுதினார்கள். அவர்களில் பெரும்பாலோர் விவசாய வேலை செய்த ஆண்கள். கரும்புக் காட்டு வெயில் இதில் முக்கியக் காரணமாக இருக்கலாம் என்று கருதி, தண்ணீர், ஓய்வு, நிழல் என்ற மூன்றையும் வேலை நேரத்துக்குள்ளேயே கொடுக்கும் திட்டங்கள் பிறகு அங்கே வந்தன.

நம் நாட்டிலும் இது உண்டு. சென்னையிலிருந்து ஹவுரா போகிற ரயிலில் பலாசா, சோம்பேட்டா, இச்சாபுரம் என்று ஸ்டேஷன்கள் வரும். ஆந்திரத்தின் ஸ்ரீகாகுளம் மாவட்டத்தில் உள்ள அந்தப் பகுதிக்கு உத்தானம் என்று பெயர். தென்னையும் முந்திரியும் செழித்த அந்த மண்ணில் சிறுநீரக நோய் வீடு வீடாகப் புகுந்திருக்கிறது. காரணம் இதுதான் என்று இன்றுவரை யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை. 2023 டிசம்பரில் பலாசாவில் இதற்கென்றே ஓர் ஆராய்ச்சி மையமும் ஆஸ்பத்திரியும் திறக்கப்பட்டன.

தமிழ்நாட்டுக் கணக்கும் வந்துவிட்டது. 2017 முதல் 2020 வரை தமிழ்நாட்டு உப்பளங்களில் சுமார் 350 தொழிலாளர்களைச் சோதித்த ஆராய்ச்சியாளர்கள், நூற்றுக்கு ஏழு பேர் வரையில் சிறுநீரகத்தின் செயல்திறன் குறைந்திருக்கக் கண்டார்கள். 2023-ல் சென்னை மருத்துவக் கல்லூரி டாக்டர்கள் தமிழகமெங்கும் கிராமங்களில் 3,000-க்கு மேற்பட்ட விவசாயத் தொழிலாளர்களைச் சோதித்தார்கள். நூற்றுக்கு ஐந்து பேர் அளவில் நாள்பட்ட சிறுநீரக நோய் இருந்தது. அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்குச் சர்க்கரை, இரத்தக் கொதிப்பு போன்ற வழக்கமான காரணம் எதுவும் இல்லை என்பது குறிப்பிடத்தக்கது.

வெள்ளம் கேளுங்கள்

மலையாளத்தில் தண்ணீருக்கு வெள்ளம் என்று பெயர். புதிதாக வரும் தமிழர் இதைக் கேட்டுத் திகைப்பது வழக்கம். எல்லை தாண்டியதும் முதலில் கற்றுக்கொள்ள வேண்டிய சொல் இதுதான். இங்கே எந்தச் சாயாக் கடையிலும் பதிமுகமோ, சீரகமோ, சுக்கோ போட்டுக் கொதிக்க வைத்த வெள்ளம் கேட்காமலே மேஜைக்கு வரும். காசும் கிடையாது. காய்ச்சிய நீர் என்பதால் வயிற்றுப்போக்கு, மஞ்சள் காமாலை பயமும் குறைவு. ஒரு கப் டீயோடு எழுந்து போகாமல் இரண்டு டம்ளர் இந்த வெள்ளத்தையும் குடித்துவிட்டுப் போகிறவர் புத்திசாலி.

வெயிலில் பாடுபடுகிறவர் தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது. 20 நிமிஷத்துக்கு ஒரு டம்ளர் என்று கணக்கு வைத்துக்கொள்வது நல்லது. ஒரே மூச்சில் ஒரு செம்பு குடிப்பதைவிட அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் குடிப்பதே உடம்பில் ஒட்டும். வியர்வையில் உப்பும் போவதால், மதியத்தில் கஞ்சித்தண்ணீரோ, இங்கே சம்பாரம் என்று சொல்லும் நீர்மோரோ ஏற்றது. மயக்கம், கைகால் பிடிப்பு வந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கும் உப்பு சர்க்கரைப் பொடியை ஒரு லிட்டர் நீரில் கரைத்துக் குடிக்கலாம். பொடி இல்லாவிட்டால் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. கரண்டியைத் தலைதட்டி அளக்க வேண்டும்.

போதுமான தண்ணீர் குடித்தோமா என்று அறிய ஒரு எளிய வழி உண்டு. சிறுநீர் வெளிர் மஞ்சளாக, வைக்கோல் நிறத்தில் இருந்தால் சரி. கட்டன் சாயா நிறத்துக்கு வந்தால் உடம்பு வற்றிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

கள்ளும் குளிர்பானமும் தண்ணீர்க் கணக்கில் சேராது. எல்லை தாண்டியதும் கள்ளுக்கடை எதிர்ப்படும். வேலை முடிந்து வற்றிய உடம்போடு அங்கே உட்காருகிறவர், போன நீரை மீட்கவில்லை. இன்னும் கொஞ்சம் இழக்கிறார்.

கேரளத் தொழிலாளர் துறை ஒவ்வோர் ஆண்டும் கோடையில் ஓர் உத்தரவு போடுகிறது. பகல் 12 மணி முதல் 3 மணி வரை வெட்டவெளியில் வேலை வாங்கக் கூடாது. காலையிலும் மாலையிலுமாக வேலை நேரத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். வெளி மாநிலத் தொழிலாளிக்கும் இது பொருந்தும். மேஸ்திரி மறந்திருந்தால் நாலு பேர் சேர்ந்து நினைவூட்டுவதில் தவறில்லை.

பெண்களின் சங்கடம்

தோப்பில் வேலை செய்யும் பெண்களுக்கும், இடுக்கி மலையில் ஏலக்காய், தேயிலைத் தோட்டங்களில் உழைக்கும் தமிழ்ப் பெண்களுக்கும் இன்னொரு கஷ்டம். ஒதுங்க இடமில்லை. அதனால் காலையிலிருந்தே தண்ணீரைக் குறைத்துவிடுகிறார்கள். வந்த சிறுநீரை மாலை வரை அடக்குகிறார்கள். நீர்க்கடுப்பும் கிருமித் தொற்றும் வருவதற்கு இதைவிட வசதியான வழி வேறில்லை. அடிக்கடி வந்து கவனிக்காமல் விட்டால் தொற்று மேலேறிச் சிறுநீரகத்தையே தாக்கும். மலைக்குளிரில் தாகமே தெரியாது என்பதால் அங்கே ஆபத்து இன்னும் அதிகம். வேலைத்தலத்தில் கழிப்பிடம் கேட்பது மானத்துக்காக மட்டும் அல்ல, உடல்நலத்துக்காகவும்தான்.

கைவைத்தியமும் வலி மாத்திரையும்

நாள் முழுவதும் பெட்டி தூக்கியவருக்கு ராத்திரி உடம்பு வலிக்கும். மருந்துக் கடையில் "மேல் வலிக்கு ரெண்டு மாத்திரை கொடுங்க" என்றால் சீட்டு இல்லாமலே கிடைக்கும். டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென், அசெக்ளோஃபினாக் என்று பெயர் எதுவானாலும் குணம் ஒன்று: சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தத்தை இவை குறைக்கும். நீர் வற்றிய உடம்பில் இதை மாதக்கணக்கில் விழுங்குவது காய்ந்த வயலில் தீ வைப்பது போல. டாக்டர் சொல்லி, சொன்ன நாள் வரை சாப்பிட்டால் போதும். சாதாரண வலிக்கும் காய்ச்சலுக்கும் அளவோடு பாராசிட்டமால் இதைவிடப் பத்திரமானது.

இயற்கை மருந்து என்றால் கெடுதலில்லை என்ற எண்ணமும் தவறு. கேரள வீட்டுத் தோட்டங்களில் அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாய்க் காய்க்கும் இரும்பன் புளியைப் பலரும் அறிவார்கள். மீன் குழம்பில் இரண்டு போடுவதில் தீங்கில்லை. கொழுப்பைக் கரைக்கும் என்று யாரோ சொல்ல, அதைச் சாறு பிழிந்து குடித்த 10 பேர் சிறுநீரகம் பாதித்து ஆஸ்பத்திரியில் சேர்ந்ததைக் கேரள டாக்டர்கள் 2013-ல் பதிவு செய்தார்கள். ஏழு பேருக்கு டயாலிசிஸ் செய்ய வேண்டி வந்தது. அதில் மிகுதியாக உள்ள ஆக்ஸாலிக் அமிலம் சிறுநீரகத்தில் படிகமாகப் படிந்ததே காரணம்.

முகத்துக்குப் பூசும் களிம்பும் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்றால் நம்புவது கடினம். மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல் டாக்டர்கள் 2021 முதல் 2023 வரை ஒருவகைச் சிறுநீரக நோயோடு வந்தவர்களை விசாரித்தபோது, அவர்களில் பலர் முகம் வெளுக்கும் களிம்பு பூசிவந்தது தெரிந்தது. அத்தகைய களிம்புகளில் சேர்க்கப்படும் பாதரசம் தோல் வழியே உள்ளே போய்ச் சிறுநீரகத்தைத் தாக்குகிறது. தயாரித்தவர் பெயரும் முகவரியும் இல்லாத டப்பாவைத் தொடாமல் இருப்பது நல்லது.

உப்பும் சர்க்கரையும்: குமாஸ்தாக்களுக்கு

நிழலில் உட்கார்ந்து கணக்கு எழுதுகிறவர்களுக்கு வெயில் எதிரியில்லை. அவர்களுக்கு எதிரிகள் வேறு இரண்டு: சர்க்கரை வியாதியும் இரத்தக் கொதிப்பும். சிறுநீரகம் கெடுவதற்குப் பொதுவாக முதல் காரணங்கள் இவைதான். இவையும் ஆரம்பத்தில் வலிப்பதில்லை. மனைவி மக்களை ஊரில் விட்டுவிட்டு அறை எடுத்துத் தங்கி, மூன்று வேளையும் ஓட்டலில் சாப்பிடுகிறவர் நாலைந்து வருஷத்தில் இரண்டையும் சேர்த்துச் சம்பாதித்துவிடுகிறார்.

ஒரு நாளைக்கு ஒருவருக்கு ஐந்து கிராம் உப்புக்குள் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதாவது எல்லாவற்றிலும் சேர்த்து ஒரு தேக்கரண்டி. பரோட்டாவும் சால்னாவும், அப்பளமும் ஊறுகாயும், கருவாடும், மாலையில் ஒரு பொட்டலம் மிக்சரும் சேர்ந்தால் இந்தக் கணக்கு சாப்பாடு முடியும் முன்பே தாண்டிவிடும். சோற்றில் மேல் உப்பு போட்டுக்கொள்ளும் பழக்கத்தை முதலில் விடலாம். ஊறுகாயைத் தினம் என்பதிலிருந்து வாரம் என்று மாற்றலாம். பீடி, சிகரெட், புகையிலை மூன்றும் இரத்தக் குழாயைச் சுருக்குவதால் சிறுநீரகத்துக்கும் கேடு. பஸ்ஸுக்கு ஒரு ஸ்டாப் முன்னதாக இறங்கி நடந்தால் காசும் மிச்சம், உடம்பும் லேசாகும்.

வருஷத்துக்கு ஒரு சோதனை

வலிக்காத நோயை எப்படிக் கண்டுபிடிப்பது? வழி கஷ்டமானதல்ல. சிறுநீரில் புரதம் போகிறதா என்று பார்ப்பது, இரத்த அழுத்தம் அளப்பது, இரத்தத்தில் சர்க்கரையும் கிரியேட்டினினும் பார்ப்பது. இவ்வளவுதான். வருஷத்துக்கு ஒரு முறை போதும். வெயிலில் உழைக்கிறவரும், 40 வயது கடந்தவரும், வீட்டில் யாருக்காவது இந்த நோய் இருந்தவரும் தள்ளிப்போடக் கூடாது. சிறுநீரில் நுரை கட்டி நிற்பது, ராத்திரியில் பல தடவை எழுந்து போவது, காலையில் கண்ணிமை வீங்குவது, மாலையில் கால் வீங்குவது ஆகியவற்றைக் கண்டால் வருஷ முடிவுக்குக் காத்திருக்காமல் உடனே பார்க்க வேண்டும்.

இது ஏழைகளுக்கு எட்டாத காரியம் என்று சொல்ல முடியாது. சென்னையின் புகழ்பெற்ற சிறுநீரக நிபுணர் டாக்டர் எம்.கே. மணி, கிட்னி ஹெல்ப் டிரஸ்ட் என்ற அமைப்பின் மூலம் சென்னைக்கு அருகே சுமார் 25,000 பேர் வாழும் கிராமங்களில் இதைச் செய்து காட்டினார். பயிற்சி பெற்றவர்கள் வீடு வீடாகப் போய்ச் சில கேள்விகள் கேட்டார்கள். சிறுநீரை அங்கேயே சோதித்தார்கள். இரத்த அழுத்தம் அளந்தார்கள். கோளாறு கண்டவர்களுக்கு விலை மலிந்த மாத்திரைகளே கொடுக்கப்பட்டன. சர்க்கரையையும் கொதிப்பையும் பெரும்பாலோருக்குக் கட்டுப்படுத்த முடிந்தது. ஒரே ஒரு நோயாளியின் டயாலிசிஸ் செலவோடு ஒப்பிட்டால் தலைக்கு ஆன செலவு மிகச் சொற்பம்.

இன்று தமிழ்நாட்டு ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் கேரளத்தின் குடும்ப ஆரோக்கிய மையங்களிலும் இந்தச் சோதனைகளுக்கு வசதி இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, கொதிப்பு மாத்திரைகள் தமிழக வீடுகளுக்கே வருகின்றன. பொங்கலுக்கோ தீபாவளிக்கோ ஊருக்குப் போகிறவர், தாய் தகப்பனையும் அழைத்துக்கொண்டு ஒரு காலை நேரத்தை இதற்காக ஒதுக்கலாம்.

நோய் வந்துவிட்டால்

வந்தவர்களும் மனம் உடைய வேண்டியதில்லை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1971-லேயே உயிருள்ளவர் கொடுத்த சிறுநீரகத்தை வெற்றிகரமாகப் பொருத்தினார்கள். 2016-ல் மத்திய அரசு தொடங்கிய தேசிய டயாலிசிஸ் திட்டத்தில் மாவட்ட ஆஸ்பத்திரிகளில் ஏழைகளுக்கு இலவசமாக டயாலிசிஸ் செய்யப்படுகிறது.

பலருக்குத் தெரியாத இன்னொரு சலுகை ரயில்வேயில் உண்டு. டயாலிசிஸுக்கோ மாற்றுச் சிறுநீரக அறுவைக்கோ போகும் நோயாளிக்கும், உடன் போகும் ஒருவருக்கும் இரண்டாம் வகுப்பு, ஸ்லீப்பர், மூன்றடுக்கு ஏ.சி. ஆகியவற்றில் கட்டணத்தில் நூற்றுக்கு 75 தள்ளுபடி. 2020-ல் பல சலுகைகள் நிறுத்தப்பட்டபோதும் நோயாளிகளுக்கான இது நிற்கவில்லை. சிகிச்சை தரும் ஆஸ்பத்திரியின் டாக்டர் ரயில்வேயின் படிவத்தில் கையெழுத்திட்டு முத்திரை வைத்துத் தர வேண்டும். அதை முன்பதிவுக் கவுண்டரில் கொடுத்தால் போதும். பாலக்காட்டில் ஏறிக் காட்பாடியில் இறங்கி வேலூர் போகிற குடும்பத்துக்கு இது சிறு தொகையல்ல.

ஒரு எச்சரிக்கை. சிறுநீரகம் ஏற்கெனவே பழுதுபட்டவருக்கு மேலே சொன்ன தண்ணீர்க் கணக்கு பொருந்தாது. அவர் குடிக்க வேண்டிய அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆரோக்கியமான தொழிலாளிக்கு அமிர்தமான இளநீர், அதில் பொட்டாசியம் அதிகம் என்பதால், அவருக்கு உயிருக்கே ஆபத்தாகலாம். ஆஸ்பத்திரிக்கு இளநீர் வாங்கிக்கொண்டு போகும் உறவினர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

மாலை 6 மணிக்குக் கோவிந்தாபுரத்தில் மறுபடியும் கூட்டம். வெயில் குடித்த முகங்களோடு பொள்ளாச்சி பஸ்ஸுக்கு நிற்கிறார்கள். லாட்டரிக் கடைப் பலகையில் அன்றைய முடிவு. பரிசு யாருக்கு விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. அது அதிர்ஷ்டம். வருஷத்துக்கு ஒரு சோதனையும், நாளுக்கு நாலைந்து செம்பு தண்ணீரும், அளவான உப்பும் தரும் பலனுக்கு அதிர்ஷ்டம் தேவையில்லை. பஸ் வருவதற்குள் கடைக்காரரிடம் ஒரு டம்ளர் வெள்ளம் கேட்டு வாங்கிக் குடிக்கலாம்.